சீட்டுக் கணக்கும் ஓட்டுக் கணக்கும்: கர்நாடகத் தேர்தலைக் கணிக்க முடியுமா?

1984 டிசம்பர் மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் 24 காங்கிரசுக்குப் போயின. அப்போது மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்தது ஜனதா கட்சி. 1983 ஜனவரியில் பதவியேற்ற ராமகிருஷ்ண ஹெக்டே, கர்நாடகத்தின் முதல் காங்கிரஸ் அல்லாத முதல்வர். பாஜகவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த சிறுபான்மை ஆட்சி அது. நான்கே இடம் என்றதும் ஹெக்டே தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சட்டசபையைக் கலைத்துவிட்டு இடைக்காலத் தேர்தலுக்குப் போனார். டிசம்பர் ஓட்டுக் கணக்கை வைத்து மார்ச்சைக் கணித்தவர் யாராக இருந்தாலும் காங்கிரஸ் ஆட்சி என்றுதான் எழுதியிருப்பார். 1985 மார்ச்சில் வந்த முடிவு: ஜனதா 139, காங்கிரஸ் 65. மொத்த இடங்கள் 224. இடையில் மூன்று மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானதுதான். 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் திமுக - காங்கிரஸ் அணி 39-க்கு 37 இடங்களை அள்ளியது. அதிமுகவுக்குக் கிடைத்தவை சிவகாசியும் கோபிசெட்டிபாளையமும் மட்டும். மறு மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தபோது அதிமுக 129 இடங்களில் ஜெயித்தது; திமுக 37-ல் நின்றது. ஆந்திரத்தில் 1984-ல் என்.டி.ஆரைப் பதவியிலிருந்து இறக்கி, ஒரு மாதத்தில் திரும்ப உட்கார வைத்தார்கள். 1985 மார்ச்சில் அவர் இடைக்காலத் தேர்தலைச் சந்தித்து 294-க்கு 202 வாங்கினார்.

ஆக, போன தேர்தலின் சதவீதத்தை எடுத்து இந்தத் தேர்தலின் மேல் பொருத்துவது கணிப்பாளர்களின் முதல் சறுக்கல். இடைக்காலத் தேர்தலில் அந்தச் சறுக்கல் இரட்டிப்பாகிறது. ஏனென்றால் இங்கே தேர்தல் தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் வரவழைக்கிறார். வரவழைத்தவர் யார், ஏன் வரவழைத்தார் என்பதை வாக்காளர் கவனிக்கிறார். இந்திரா காந்தி ஓராண்டு முன்னதாகவே மக்களவையைக் கலைத்து 1971-ல் தேர்தலுக்குப் போனார். அவரைக் கட்சியை விட்டு நீக்கிய நிஜலிங்கப்பாவின் சொந்த மாநிலம் அன்றைய மைசூர். அங்கே 27 தொகுதிகளும் இந்திராவுக்கே போயின. 1980-ல் ஜனதா ஆட்சி டெல்லியில் கவிழ்ந்து வந்த இடைக்காலத் தேர்தலிலும் கர்நாடகம் அவருக்கு 28-க்கு 27 தந்தது. மூன்றே ஆண்டில் அதே மாநிலம், சட்டசபை இருக்கும் விதான சௌதாவிலிருந்து காங்கிரசை இறக்கியது. டெல்லிக்கு ஒரு கணக்கு, விதான சௌதாவுக்கு ஒரு கணக்கு என்று கர்நாடக வாக்காளர் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே இடைக்காலத் தேர்தல் என்பது நாள் குறித்த தேர்தல். அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில், நவம்பரில், தவறாமல் வரும். 1934 முதல் எடுத்தால் 1934, 1998, 2002 ஆகிய மூன்று முறை தவிர எல்லா இடைக்காலத் தேர்தலிலும் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழந்திருக்கிறது. கணிப்பாளருக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்த வசதியும் திசையைத்தான் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. 2022-ல் குடியரசுக் கட்சியின் ‘சிவப்பு அலை’ என்று முழங்கினார்கள். அந்தக் கட்சிக்கு 222 இடங்கள்தான் வந்தன; பெரும்பான்மைக்கு வேண்டியது 218.

கர்நாடகத்துக்கும் அப்படி ஒரு ‘விதி’யைத் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 1985-க்குப் பிறகு இங்கே எந்த ஆளுங்கட்சியும் மீண்டும் ஜெயித்ததில்லை என்பது அது. 1989-ல் காங்கிரஸ், 1994-ல் ஜனதா தளம், 1999-ல் காங்கிரஸ், 2008-ல் பாஜக, 2013-ல் காங்கிரஸ், 2023-ல் மறுபடி காங்கிரஸ் என்று பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 2004-ல் தொங்கு சட்டசபை வந்தபோது காங்கிரசின் தரம் சிங்தான் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் (மஜத) துணையோடு முதல்வரானார். ஆட்சி மாறியதா இல்லையா? 2018-ல் சித்தராமையாவின் காங்கிரஸ் 122-லிருந்து 80-க்கு இறங்கியது. ஆட்சி எதிர்ப்பு அலை என்று எல்லோரும் எழுதினார்கள். காங்கிரசின் ஓட்டு விகிதமோ 36.6-லிருந்து 38.1-க்கு ஏறியிருந்தது! ஓட்டு ஏறி, சீட்டு இறங்கியதை அலை என்று எப்படிச் சொல்வது? பாஜகவின் எடியூரப்பா தனிக்கட்சி தொடங்கி 2013-ல் உடைத்துக்கொண்டு போன ஓட்டு, அவரோடு பாஜகவுக்குத் திரும்பி வந்திருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

இங்கேதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். கர்நாடகத்தில் ஓட்டைக் கணிப்பது ஒரு வேலை, சீட்டைக் கணிப்பது முற்றிலும் வேறு வேலை. 2004-ல் காங்கிரசுக்கு 35 சதவீதம், பாஜகவுக்கு 28 சதவீதம். இடங்களோ காங்கிரசுக்கு 65, பாஜகவுக்கு 79. 2008-லும் காங்கிரசுக்கே ஓட்டு கொஞ்சம் அதிகம். பாஜக 110, காங்கிரஸ் 80. 2018-ல் மூன்றாம் முறையாக அதே கதை: 38 சதவீதத்துக்கு 80, 36 சதவீதத்துக்கு 104. காரணம் நிலத்தில் இருக்கிறது. காங்கிரசின் ஓட்டு பீதரிலிருந்து சாம்ராஜ்நகர் வரை எல்லாத் தொகுதியிலும் பரவிக் கிடக்கும். பாஜகவின் ஓட்டு கடலோரத்திலும் லிங்காயத்துகள் மிகுந்த வடக்கு, மத்திய மாவட்டங்களிலும் குவிந்திருக்கும். ஒக்கலிகர் செல்வாக்குள்ள பழைய மைசூரு வட்டாரத்தில் தேவகவுடாவின் மஜத குறுக்கே நிற்கும். ஒரே மாநிலத்தில் மூன்று விதமான போட்டி நடக்கிறது. மூன்றையும் ஒரே சராசரியில் அடக்கிவிட்டு அதிலிருந்து இடங்களைப் பிழிந்தெடுத்தால் என்ன வரும்?

2023 இதைவிட விசித்திரம். பாஜகவின் ஓட்டு 2018-ல் 36 சதவீதம், 2023-லும் 36 சதவீதம். அந்தக் கட்சி மொத்தத்தில் ஓட்டு இழக்கவே இல்லை. ஆட்சியை மட்டும் இழந்தது. 104 இடங்கள் 66 ஆயின. மஜதவின் ஓட்டு 18-லிருந்து 13-க்கு விழுந்தது, காங்கிரஸ் 38-லிருந்து ஏறக்குறைய 43-க்குப் போய் 135 இடங்களைப் பிடித்தது. பாஜகவுக்கு வடக்கில் போன ஓட்டு தெற்கில் வந்து சேர்ந்தது. ஆனால் தெற்கில் வந்த ஓட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. முதல் இரண்டு கட்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கணிப்பாளர் இதைப் பிடித்திருக்க முடியாது. மூன்றாவது கட்சியின் ஓட்டு எங்கே போகிறது என்பதுதான் கர்நாடகத்தின் கேள்வி. தேர்தல் இரவு விவாதங்களில் அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை.

ஓட்டுகளைக் கூட்டிப் பார்ப்பதும் உதவாது. 2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரசும் மஜதவும் கூட்டணி. முந்தைய ஆண்டின் ஓட்டைக் கூட்டினால் 56 சதவீதம். காகிதத்தில் எதிரணிக்கு வழியே இல்லை. முடிவில் 28-ல் பாஜக 25, காங்கிரஸ் ஒன்று, மஜத ஒன்று. மண்டியா மக்களவைத் தொகுதிக்குள் வரும் எட்டு சட்டசபைத் தொகுதிகளிலும் 2018-ல் ஜெயித்தது மஜத. அதே மண்டியாவில் அன்றைய முதல்வர், மஜதவின் குமாரசாமியின் மகன் நிகில், சுயேச்சையாக நின்ற சுமலதாவிடம் ஒன்றேகால் லட்சம் ஓட்டில் தோற்றார். தலைவர்கள் மேடையில் கைகோத்தார்கள். இருபது முப்பது ஆண்டுகளாக ஒரே கிராமத்தில் எதிரெதிரே நின்ற தொண்டர்கள் கைகோக்கவில்லை. இது எந்தக் கேள்வித்தாளிலும் அகப்படாது.

2004-ல் நடந்ததை இன்னும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எஸ்.எம். கிருஷ்ணா சில மாதங்கள் முன்கூட்டியே சட்டசபைத் தேர்தலை மக்களவைத் தேர்தலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஒரே சாவடி, ஒரே நாள், ஒரே விரலில் மை. மெஷின் மட்டும் இரண்டு. மக்களவைக்கு 28-ல் பாஜக 18, காங்கிரஸ் 8, மஜத 2. சட்டசபையில் பாஜக 79, காங்கிரஸ் 65, மஜத 58. முதல் மெஷினிலிருந்து இரண்டாவது மெஷினுக்கு நகரும் சில விநாடிகளில் லட்சக்கணக்கானோர் மனசு மாறுகிறது என்றால், வாசலில் நின்று ‘யாருக்குப் போட்டீர்கள்’ என்று கேட்பவர் எதைக் கேட்கிறோம் என்பதில் முதலில் தெளிவாக இருக்க வேண்டும்.

அதே 2004-ல் சந்தேமரஹள்ளி தொகுதியில் காங்கிரசின் துருவநாராயணா 40,752 ஓட்டு வாங்கினார். மஜதவின் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி வாங்கியது 40,751. அவருடைய டிரைவருக்கு அன்று ஓட்டுப்போட நேரம் கிடைக்காமல் போனது என்று இன்றும் பேசுகிறார்கள். 2023-ல் பெங்களூரு ஜெயநகரில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு பாஜகவின் சி.கே. ராமமூர்த்தி 16 ஓட்டு வித்தியாசத்தில் காங்கிரசின் சௌம்யா ரெட்டியைத் தோற்கடித்தார். எண்ணும் மையத்துக்கு வெளியே இரவு நெடுநேரம்வரை இரு தரப்புத் தொண்டர்களும் நின்றிருந்தார்கள். காந்திநகரில் தினேஷ் குண்டு ராவ் 105 ஓட்டில் தப்பினார். சிருங்கேரியில் வித்தியாசம் 201, மாலூரில் 248. இப்படிப்பட்ட இடங்களை எந்தக் கணிப்பும் எந்தக் கட்சியின் கணக்கிலும் வைக்க முடியாது. காசைச் சுண்டிப் பார்க்கலாம்.

சரி, கணிப்பு நிறுவனங்கள் எப்படித் தேறியிருக்கின்றன? 2018-ல் ஆக்சிஸ் மை இந்தியா காங்கிரசுக்கு 106 முதல் 118 வரை தந்தது, வந்தது 80-க்குள். டுடேஸ் சாணக்யா பாஜகவுக்கு 120 என்றது, அதுவும் வரவில்லை. பாஜகவுக்கு 97 முதல் 109 என்ற சி-வோட்டர் கிட்ட வந்தது. 2023-ல் சக்கரம் சுழன்றது. காங்கிரசுக்கு 122 முதல் 140 என்ற ஆக்சிஸ் சரியாக அடித்தது. 100 முதல் 112 என்ற சி-வோட்டர் எட்டவில்லை. வேறொரு சேனலில் பாஜக 114 இடங்களோடு ஆட்சி அமைத்துக்கொண்டிருந்தது. ஓராண்டு கழித்து மக்களவைத் தேர்தலில், முந்தைய தடவை வென்ற ஆக்சிஸ், நாடு முழுக்க தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 என்றது, வந்தது 293. அதன் தலைவர் பிரதீப் குப்தா நேரலையில் கண்கலங்கியதை நாடே பார்த்தது. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அன்று ஏறக்குறைய எல்லோரும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தார்கள். போன தடவை சரியாகச் சொன்னவர் இந்தத் தடவையும் சொல்வார் என்று நம்ப இந்தப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை.

2023-ல் ஒரு விதிவிலக்கு இருந்தது. ‘ஈதின’ என்ற கன்னட ஊடகம் வாக்குப்பதிவுக்கு முன்பே, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, காங்கிரசுக்கு 132 முதல் 140 என்றது. பாஜகவுக்கு 57 முதல் 65, மஜதவுக்கு 19 முதல் 25. ஏறக்குறைய மூன்றும் பொருந்தின. பெரிய எண்ணிக்கை, சொந்த மொழியில் பேசும் ஆட்கள், ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட அவகாசம் ஆகியவை காரணம் என்பது என் எண்ணம். ஆனாலும் நாற்பதாயிரம் என்பதைத் தொகுதிக்குப் பிரித்தால் ஏறக்குறைய இருநூறு பேர்தான். இருநூறு பேரைக் கேட்டால் ஒரு தொகுதியில் ஏழு சதவீதம் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம் என்பது புள்ளியியல் பாடம். மாநிலத்துக்குச் சரியாக வந்த கணிப்பை எடுத்து ‘என் தொகுதியில் யார்’ என்று கேட்டால் அது கைவிரித்துவிடும்.

பெங்களூருக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல்தான் ஓட்டுப்போட வருகிறார்கள். 2024-ல் நகரின் மூன்று மக்களவைத் தொகுதிகளிலும் 53, 54 சதவீதத்தைத் தாண்டவில்லை. பேட்டி கொடுப்பவர்களில் யார் சாவடிக்குப் போவார் என்று தெரியாமல் பேட்டியால் என்ன பயன்? வொயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் ரோடு அபார்ட்மென்ட்களில் டேப்லெட்டோடு வரும் பையனை செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார். மேலே போன் போட்டால் ‘வேண்டாம்’ என்று பதில் வரும். சிவாஜிநகர், அல்சூர் சந்துகளில் கதவு திறந்திருக்கும், ஆனால் பதில் மூடியிருக்கும். ‘நம்ம ஆளுக்குத்தாம்பா’ என்பார்கள். அந்த ‘நம்ம ஆள்’ கட்சியா, சாதியா, மொழியா, குழாயில் தண்ணீர் வரவைத்த கவுன்சிலரா என்று கேள்வித்தாளில் கட்டம் கிடையாது. கன்னடம் பேசிக்கொண்டு வருபவரிடம் தமிழரும், உருது வீட்டில் வேற்றாளிடம் பெண்களும் ஒரே மாதிரி மனம் திறப்பதில்லை. இதைச் சமாளிக்கத்தான் லோக்நிதி போன்ற அமைப்புகள் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போடச் சொல்கின்றன. நல்ல வழி, செலவும் நேரமும் பிடிக்கும் வழி. சேனல்கள் அவ்வளவு பொறுப்பதில்லை.

நகரத்தை மாநிலத்தின் நாடி என்று பார்ப்பதும் தப்பு. 2018-ல் மாநிலத்தில் பாஜக முதலிடம். பெங்களூரின் 28 தொகுதிகளில் காங்கிரஸ் 15. 2023-ல் மாநிலத்தில் காங்கிரஸ் அலை. பெங்களூரில் பாஜக 16. மாநகராட்சித் தேர்தல் ஒரு நாடியாக இருந்திருக்கலாம். கடைசியாக 2015 ஆகஸ்டில் நடந்த பெங்களூரு மாநகராட்சி (பிபிஎம்பி) தேர்தலில் 198 வார்டுகளில் பாஜக 100, காங்கிரஸ் 76, மஜத 14. கணக்குப்படி பார்த்தால் ஜெயித்தது பாஜக. மேயர் நாற்காலியில் உட்கார்ந்ததோ காங்கிரஸ்காரர், எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கும் மேயர் தேர்தலில் ஓட்டு இருந்தது, மஜதவும் சுயேச்சைகளும் அந்தப் பக்கம் போனார்கள். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள் ஆண்டார்கள். 2025-ல் பிபிஎம்பியையே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள். வார்டு எல்லைகளும் மாறிவிட்டதால் 2015-ன் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது.

பின் எதை நம்புவது? இடைத்தேர்தல்களை என்பேன், ஒரு நிபந்தனையோடு: யார் ஜெயித்தார் என்பதைப் பார்க்கக் கூடாது, வித்தியாசம் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2019 ஜூலையில் குமாரசாமி ஆட்சி கவிழ்ந்து பாஜக ஆட்சி வந்தது. கட்சி தாவியவர்களின் 15 தொகுதிகளுக்கு டிசம்பரில் இடைத்தேர்தல் வந்தது. பாஜக 12 வென்றது. பெங்களூரில் யஷ்வந்தபுரம், கே.ஆர். புரம், மகாலட்சுமி லேஅவுட் மூன்றும் அதற்கே. சிவாஜிநகர் மட்டும் காங்கிரசுக்கு. புதிய ஆட்சி வந்து சில மாதங்களே ஆகியிருக்கும்போது நடக்கும் இடைத்தேர்தலில் மக்கள் ஆளுங்கட்சிக்கே போடுவார்கள், எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக்காரராக இருந்தால்தான் ரோடு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றரை ஆண்டு கழித்து ராய்ச்சூர் மாவட்டம் மஸ்கியில் நடந்தது வேறு. 2018-ல் அங்கே காங்கிரசின் பிரதாப் கவுடா பாட்டீல், பாஜகவின் பசனகவுடா துர்விஹாளை 213 ஓட்டில் தோற்கடித்தார். பிறகு பாட்டீல் பாஜகவுக்குத் தாவினார். இடமில்லாமல் போன துர்விஹாள் காங்கிரசுக்கு வந்தார். 2021 ஏப்ரலில் அதே இருவர், சின்னம் மட்டும் மாற்றி மோதினார்கள். துர்விஹாள் ஜெயித்தார், வித்தியாசம் 30,606. அதே சமயம் பெலகாவி மக்களவை இடைத்தேர்தலில் பாஜக வென்றது. ஆனால் 2019-ல் 3.91 லட்சமாக இருந்த வித்தியாசம் ஐந்தாயிரம் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி என்று மேலோட்டமாகப் பார்த்தால் சமம்தான். ஆனால் இரண்டு முடிவுமே ஒரே திசையைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. 2023-ல் வடக்கில் பாஜகவுக்கு விழுந்த அடியின் முதல் சத்தம் அது.

இந்த அளவுகோலை வைத்து 2024 நவம்பரில் சன்னபட்டணா, ஷிக்காவி, சண்டூர் மூன்றையும் காங்கிரஸ் வென்றதைப் பார்க்கலாம். அது சித்தராமையா ஆட்சியின் பதினெட்டாவது மாதம். ஐந்து மாதங்களுக்கு முன்புதான் மக்களவைத் தேர்தலில், இந்த முறை கூட்டணியாக நின்ற பாஜகவுக்கு 17, மஜதவுக்கு 2; காங்கிரசுக்கு 9. காங்கிரஸ் அரசின் ஐந்து உத்தரவாதத் திட்டங்களும் அப்போதே நடப்பில் இருந்தன. அவை மக்களவைக்கு ஓட்டாகவில்லை, சன்னபட்டணாவில் நிகில் குமாரசாமியைத் தோற்கடிக்கத் தடையாகவும் இல்லை. மறுபடியும் அதே இரட்டைக் கணக்கு. பாஜகவும் மஜதவும் சேர்ந்து நின்றால் பழைய மைசூருவில் மக்களவைக்கு ஓட்டு சேர்கிறது என்று 2024 காட்டியது; சட்டசபைக்குச் சேருமா என்பதற்கு சன்னபட்டணா இல்லை என்றது. அடுத்த தேர்தலைக் கணிக்கப் போகிறவர் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

மண்டியா, ராமநகரப் பக்கத்து கிராமங்களில் ஆடு, டிராக்டர், நிலம் என்று பந்தயம் கட்டுகிறார்கள் என ஒவ்வொரு தேர்தலிலும் செய்தி வரும். சட்டப்படி குற்றம். ஆனால் பந்தயக்காரர் தோற்றால் ஆடு போய்விடும். கணிப்பாளர் தோற்றால் அடுத்த தேர்தலுக்கும் அதே ஸ்டூடியோவில் அதே நாற்காலி காத்திருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் கணிப்பை வெளியிடத் தடை போடுகிறது. எப்போது வெளியிடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்த ஓட்டு விகிதத்திலிருந்து எந்த முறையில் சீட்டைக் கணக்கிட்டார்கள் என்று அந்த நிமிஷமே எல்லோருக்கும் காட்டியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

என் தீர்ப்பு இது: கர்நாடகத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை ஓட்டு விகிதம், மூன்றாம் கட்சியின் நிலை, பிந்தைய இடைத்தேர்தல்களின் வித்தியாசம் ஆகிய மூன்றையும் வைத்து ஓரளவு சொல்லலாம். இடங்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது; சொல்கிறவர் பாதி அறிவியலையும் பாதி தைரியத்தையும் கலந்து விற்கிறார். அடுத்த முறை திரையில் 224 கட்டங்களும் வண்ணம் மாறும்போது இடங்களை விட்டுவிட்டு மூன்று கட்சிகளின் சதவீதத்தை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். சதவீதத்தையே காட்டாத சேனலாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.